மானின் மூக்கும் சென்னையின் காற்றும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், முதுமலைக்குப் போகவிருந்த ஒரு வாசகருக்கு, "காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றுகொண்டு மானைப் பார்க்க முயலாதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளாமல், காற்றையும் மானையும் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறார்கள். மருமகன் இலையுதிர் காலத்தில் அரசு உரிமம் பெற்று, வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர். நான் அங்கே தங்கியிருந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து தயாராகி, வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்றைக்குக் காற்று சரியில்லை, அத்தை" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். மழையும் இல்லை, பனியும் இல்லை. காற்றில் சரி, சரியில்லை என்று என்ன இருக்கிறது?
— மயிலாப்பூர் வாசகி

பதில்: உங்கள் மருமகன் செய்தது முற்றிலும் முறையானது. அவர் தேடிப் போகும் வெண்வால் மான், கண்ணாலும் காதாலும் ஐயப்பட்ட ஒன்றை மூக்கால்தான் உறுதிசெய்துகொள்கிறது. ஏதேனும் அசைந்தால் அது தலையைத் தூக்கி நின்று பார்க்கும். முன்னங்காலால் தரையைத் தட்டிப் பார்க்கும். சுள்ளி முறிந்தால் அந்தப் பக்கம் காதைத் திருப்பும். இவை எல்லாவற்றிலும் அதற்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. மனித வாடை மூக்கில் ஏறிய பிறகு அந்தச் சந்தேகம் இல்லை. வாலைத் தூக்கி அடிப்புறத்து வெள்ளையைக் காட்டிக்கொண்டு ஓடிவிடும். துப்பாக்கிக்காரர் தொலைவில் நின்று சுடலாம். வில்லாளியோ மான் இருபது முப்பது மீட்டருக்குள் வரும்வரை அசையாமல் காத்திருந்தாக வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் அவருக்குப் பாதுகாப்பு காற்றின் திசை ஒன்றுதான்.

பூஜை அறையில் ஏற்றிவைத்த ஊதுபத்தியைச் சற்று நினைத்துப் பாருங்கள். சன்னல் மூடியிருந்தால் புகை நேராக எழுந்து, ஒரு முழ உயரத்தில் குழம்பிப் பரவுகிறது. சன்னலைத் திறந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நெளிந்து நெளிந்து ஓடி, கதவருகே இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுழல்கிறது. மனித உடலின் வாடையும் இப்படித்தான் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. மூச்சிலும் வியர்வையிலும் தோலிலிருந்து ஓயாமல் உதிரும் நுண்துகள்களிலும் இருக்கும் மணம், காற்றுப் போகும் வழியில் நெளிந்து, அகன்று, மெலிந்துகொண்டே செல்கிறது. அந்த ஓட்டம் கடக்கும் இடத்தில் மான் தலைவைத்தால் அன்றைய காத்திருப்பு முடிந்தது. தமிழில் வாடை என்ற சொல்லே வடக்கிலிருந்து வரும் காற்றையும் குறிக்கிறது, மணத்தையும் குறிக்கிறது. இந்தப் பொருளைப் பேசும்போது அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

மலைப்பாங்கான அவருடைய ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வெயில் பட்ட சரிவு சூடாகும்போது அதை ஒட்டிய காற்று இலேசாகி மேல்நோக்கி ஏறுகிறது. மாலையில் தரை குளிர்ந்ததும் அதே காற்று கனத்து, தண்ணீர் வடிவதைப்போலப் பள்ளத்துக்கு இறங்குகிறது. ஆகவே விடிந்து சில மணி நேரம் கழித்து மான் வரும் வழிக்கு மேலே உட்கார்ந்திருப்பது நல்லது. சூரியன் சாய்ந்த பிறகு அதே இடம் கெட்ட இடம். இந்த இரண்டுக்கும் நடுவே, ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கும் சிறு பொழுதில், காற்று எந்தப் பக்கமும் போகாமல் குழம்பி நிற்கும்; அனுபவசாலிகளையும் ஏமாற்றும் நேரம் அது. இத்துடன் அந்த அட்சரேகைகளில் குளிர்காற்றுத் திரள் ஒன்று கடந்து போகும்போது, அதற்கு முன்பு தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசிய காற்று பெரும்பாலும் வடமேற்குக்கு மாறிவிடுகிறது. முந்தைய நாள் பொருத்தமாக இருந்த மரம் மறுநாள் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அவர் அன்று போகாமல் இருந்ததில் இன்னொரு கணக்கும் இருந்திருக்கும். பிழையான காற்றில் ஒருமுறை போய் உட்கார்ந்தால் அன்று மான் கிடைக்காது என்பதோடு விஷயம் முடிவதில்லை; அந்த மரத்தடியில் மனிதன் இருக்கிறான் என்பதை மான்கள் அறிந்துகொண்டு, பிறகு பல நாள்கள் அந்தப் பாதையையே தவிர்க்கக்கூடும். ஒரு நாளை விட்டுக்கொடுத்து இடத்தைக் காப்பாற்றிக்கொள்வது நல்ல வேட்டைக்காரர்களின் பழக்கம்.

அடுத்த முறை பேசும்போது, சட்டைப்பையில் பஞ்சு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வயலோரங்களில் வளரும் ஒரு பால்செடியின் காய்ந்த காயிலிருந்து பட்டுப்போன்ற பஞ்சை எடுத்து, ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டுப் பார்ப்பது பல வேட்டைக்காரர்களின் வழக்கம். அந்தச் செடி நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கேள்வி: வனத்துறை அனுமதியுடன் நடந்த ஒரு கணக்கெடுப்பில் தன்னார்வலராகக் கிண்டி தேசியப் பூங்காவுக்குள் நடந்தேன். மே மாதம். காலை ஏழு மணிக்கு மேற்கு நோக்கி நடந்தபோது புள்ளிமான்கள் நாங்கள் மிக அருகே போகும்வரை மேய்ந்துகொண்டிருந்தன. பிற்பகல் இரண்டரை மணிக்கு அதே பாதையில், அதே திசையில், இன்னும் மெதுவாகத்தான் நடந்தோம். வெகு தொலைவிலேயே ஒரு கூச்சல் எழுந்து, கூட்டம் புதருக்குள் மறைந்துவிட்டது. நாங்கள் செய்த தவறு என்ன?
— வேளச்சேரி வாசகர்

பதில்: உங்கள் நடையில் தவறு இல்லை. காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில் காற்று தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை, மான்கள் கவனித்தன.

சென்னையின் கடற்கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது, கடல் கிழக்கே இருக்கிறது. இரவில் கடலைவிட நிலம் விரைவாகக் குளிர்வதால், மெல்லிய தரைக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கோடையில் தென்மேற்குப் பருவத்துக்கான மேலைக்காற்றும் அதனோடு சேர்ந்துகொள்ளும். காலையில் நீங்கள் மேற்கே நடந்தபோது அந்தக் காற்று உங்கள் முகத்தில் பட்டது, உங்கள் வாடை உங்களுக்குப் பின்னால் அடையாற்றுப் பக்கம் போயிற்று. நண்பகலை ஒட்டி நிலம் காய்ந்து, அதன் மேலுள்ள காற்று எழும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே நுழைகிறது. அது வரும் தருணத்தை இந்நகரத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்: அனல் அடித்துக்கொண்டிருந்த மேலைக்காற்று தளர்ந்து, சில நிமிடம் இலை அசையாமல் நின்று, பிறகு கிழக்கிலிருந்து ஈரத்தோடு ஒரு குளிர்ச்சி வரும். மேலைக்காற்று வலுத்திருக்கும் நாள்களில் கடற்காற்று வெகுநேரம் தாமதிக்கிறது. அத்தகைய நாள்களில்தான் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிற்பகல் இரண்டரை மணிக்கு உங்கள் முதுகில் பட்டது அந்தக் கடற்காற்றுதான். உங்கள் குழுவினர் அத்தனை பேரின் வியர்வையையும் அது உங்களுக்கு முன்பாகவே மான்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

வேளச்சேரியில் வசிக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. தென்கிழக்குக் காற்று எழும் மாலைகளில் பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றம் உங்கள் தெருவுக்கு வருகிறது. காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசினால் அதே மேடு அதே இடத்தில் இருந்தும் உங்களுக்குத் தெரிவதில்லை. மானுக்கு நாம் அந்தக் குப்பைமேடு போன்றவர்கள். இதைக் கசப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இவ்வளவு தெளிவான உதாரணம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

கடற்காற்று புகுந்த பிறகும் ஒரே திசையில் நிற்பதில்லை. பூமியின் சுழற்சியால் அது பொழுது போகப்போக வலஞ்சுழியாகத் திரும்பி, கிழக்கிலிருந்து தென்கிழக்காகவும், அந்தி நெருங்கும்போது தெற்காகவும் மாறுகிறது. மொட்டைமாடியில் மாலை நேரத் தென்றல் என்று நாம் மகிழ்வது பெரும்பாலும் இப்படித் திரும்பிய கடற்காற்றே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று நிலைபெற்றுவிட்டால் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து வருவதால் கணக்கு எளிதாகிறது. தை, மாசியின் பனிக்காலைகளில் காற்று மிக மெல்லியதாக வடமேற்கிலிருந்து நகர்கிறது. அது நகர்வதே தோலுக்குத் தெரியாது, ஆனால் வாடையைச் சுமந்துபோக அது போதும். எனக்கு மிகவும் கடினமாகப் படுவது ஆனி, ஆடி மாதங்களின் மாலைப்பொழுது. காலையில் மேலைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று, பிறகு மேற்கே இடிமேகம் திரண்டால் அதன் அடியிலிருந்து சரிந்து வரும் குளிர்காற்று ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டுவிடும். மேற்கு வானம் கறுத்துவிட்டால் கணக்கெடுப்பை நிறுத்திவிடுவது நல்லது. அதற்குக் காரணம் மின்னலும்தான்.

கிண்டிக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர் அளவே; நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுற்றிலும் மதிற்சுவர்களும் கட்டடங்களும் நெருங்கி நிற்கின்றன. ஆற்றில் ஒரு பாறை கிடந்தால் அதற்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழல்வதைப்போல, சுவரையோ அடர்ந்த மரவரிசையையோ கடந்த காற்றும் அதன் பின்புறத்தில் மடங்கித் திரும்புகிறது. மரவரிசை ஒன்றின் பின்னால் அதன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தொலைவு வரை காற்றின் வேகம் குறைந்தே இருக்கும். முகத்தில் காற்றுப் படுகிறது என்று நம்பி ஒரு சுவரோரமாக நடந்தால், சுவர் முடியும் இடத்தில் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய் நிற்கலாம். திறந்த புல்வெளியில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும், இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் பாட்டனார் விடுதலைக்கு முன் வேட்டையாடியவர். விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பார்ப்பார். சில சமயம் பீடிப் புகையை ஊதிப் பார்ப்பார் என்று என் தந்தையார் சொல்லுவார். இந்த முறைகள் சரியானவையா? இன்று மான் வேட்டைக்கு எங்கேனும் அனுமதி உண்டா?
— குரோம்பேட்டை வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பொழுதுபோக்காக மான் வேட்டையாட இந்நாட்டில் எங்கும் வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடுபவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கொல்வதை மட்டுமே வேட்டை என்று அச்சட்டம் கருதவில்லை என்பதையும் கவனியுங்கள்: பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை காட்டி ஈர்ப்பது, இவற்றில் எதற்கேனும் முயல்வது ஆகிய அனைத்தும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நான் இதை மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். உங்கள் பாட்டனாரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய துப்பாக்கியை அல்ல, காற்றின் மேல் அவர் வைத்திருந்த கவனத்தை.

விரல் முறை சரியானதுதான், ஆனால் ஊருக்கு ஊர் அதன் துல்லியம் மாறும். நனைந்த விரலில் காற்றுப் படும் பக்கத்து ஈரம் முதலில் ஆவியாவதால் அந்தப் பக்கம் குளிர்கிறது. உலர்ந்த உள்நாட்டில் இது உடனே தெரியும். ஈரம் மிகுந்த சென்னைக் காற்றில் ஆவியாதல் மந்தமாக இருப்பதால், மெல்லிய காற்றுக்கு விரல் எதையும் சொல்லாது. மானைக் கலைப்பது பெரும்பாலும் அந்த மெல்லிய காற்றுதான். பீடிப் புகை திசையை நன்றாகக் காட்டும், ஆனால் கூடவே புகையின் நெடியையும் அனுப்பிவைக்கும். ஒரு சிட்டிகைப் புழுதியோ சாம்பலோ பரவாயில்லை. அதன் குறை, இரண்டு மூன்று அடிக்குள் கீழே விழுந்துவிடுவது. உங்கள் கையருகே காற்று எப்படிப் போகிறது என்பதை அது சொல்லும், முப்பதடிக்கு அப்பால் எப்படித் திரும்புகிறது என்பதைச் சொல்லாது.

எருக்கம்பஞ்சு அதைச் சொல்லும். கோடையில் காய் உலர்ந்து வெடித்த பிறகு, விதையோடு ஒட்டியிருக்கும் அந்த வெண்பட்டு இழைகளைச் சேகரித்து ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காயைப் பறிக்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. விதையைக் கிள்ளி நீக்கிவிட்டுப் பஞ்சை மட்டும் விட்டால், அது கண்ணுக்கெட்டிய தூரம் மிதந்து செல்லும். நேராகப் போய்க்கொண்டிருந்தது ஒரு புதருக்கு மேலே திடீரென்று எழும்புவதையும், ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து திரும்பி உங்களை நோக்கியே வருவதையும் பார்க்கலாம். முதன்முதலாக அதைப் பார்த்த நாளில், நான் அதுவரை காற்று என்று நினைத்திருந்தது பாதிக்கு மேல் கற்பனை என்று உணர்ந்தேன்.

கேள்வி: நான் படிக்கும் வளாகத்தில் புள்ளிமான்கள் விடுதி வாசலிலேயே மேய்கின்றன. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அவை பொருட்படுத்துவதில்லை. அப்படியிருக்க, மோப்பம் பற்றி நீங்கள் எழுதுவது மிகையாகத் தோன்றுகிறது.
— அடையாறு மாணவி

பதில்: உங்கள் கவனிப்பு சரி, முடிவுதான் சரியில்லை. அந்த மான்கள் உங்களை முகராமல் இருக்கவில்லை. நன்றாக முகர்ந்து, தீங்கற்றது என்று முடிவுசெய்திருக்கின்றன. பிறந்த நாள் முதல் மாணவர்களின் வாடையோடே வளர்ந்த குட்டிக்கு அது புல்லின் வாடையைப்போல் பழகிவிடுகிறது. அதே கூட்டம் தெருநாயின் வாடை வந்தால் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். இந்தப் பழக்கம் அவற்றுக்கு நன்மை என்றும் நான் நினைக்கவில்லை. மனிதரை நம்பிய மான் குப்பைத்தொட்டிவரை வந்து பிளாஸ்டிக்கைத் தின்கிறது. தயவுசெய்து உணவு கொடுக்காதீர்கள்.

இனத்துக்கு இனம் வேறுபாடும் உண்டு. வெட்டவெளியில் வாழும் வெளிமான் முதன்மையாகக் கண்ணை நம்புகிறது. கோடியக்கரையில் காற்று எவ்வளவு சாதகமாக இருந்தாலும், அடிவானத்தில் உங்கள் உருவம் எழுந்து நின்றால் அது போய்விடும். புதர்க்காட்டில் வாழும் புள்ளிமானும் கடமானும் மூக்கை அதிகம் நம்புகின்றன. முதுமலை போன்ற காடுகளில் புள்ளிமான்கள் மந்திகள் இருக்கும் மரத்தடியில் மேய்வதை நீங்கள் பார்க்கலாம்: மேலிருந்து பார்க்கும் கண்ணும் கீழிருந்து முகரும் மூக்கும் ஒன்றையொன்று காத்துக்கொள்கின்றன.

கேள்வி: வாசனையில்லாத சோப்பில் குளித்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு போனால் மானுக்கு நம் வாடை தெரியாதல்லவா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: தெரியும். குளித்து ஒரு மணி நேரத்துக்குள் சென்னை வெயிலில் வியர்த்துவிடுகிறோம்; மூச்சுவிடுவதை நிறுத்தவும் முடியாது. வாசனைத் தைலமும் நறுமணப் பவுடரும் பூசாமல் போவது நல்லதுதான், ஆனால் அது காற்றின் திசைக்கு மாற்றாகாது.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் காற்று "கிழக்கு" என்று எழுதியிருக்கிறது, அம்புக்குறியோ மேற்கைக் காட்டுகிறது. எதை நம்புவது? வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று காட்டிய நேரத்தில் பூங்காவில் இலைகூட அசையவில்லை.
— திருவான்மியூர் வாசகர்

பதில்: இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. காற்றுக்கு அது வரும் திசையை வைத்தே பெயரிடுவது உலக வழக்கம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் முன்னோரும் அப்படியே பெயரிட்டார்கள். பல செயலிகள் எழுத்தில் வரும் திசையையும், அம்பில் போகும் திசையையும் காட்டுகின்றன. மானைப் பார்க்கப் போகிறவர் அம்பைப் பார்த்தால் போதும்: உங்கள் வாடை போகும் வழி அது. மான் இருக்கக்கூடிய இடத்துக்கு அந்த அம்பு போகாதபடி, குறைந்தபட்சம் குறுக்காகப் போகும்படி, உங்கள் நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தின் கதை வேறு. வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். செயலிகள் தரும் எண்ணும் பொதுவாக அந்த உயரத்துக்கானது. மேயும் புள்ளிமானின் மூக்கோ தரையை ஒட்டி இருக்கிறது. நடுவில் மரங்களும் புதர்களும் காற்றைத் தடுத்து, அதன் வேகத்தைப் பாதியளவுக்கும் கீழே குறைத்துவிடுகின்றன. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்து, பின்னாளில் நிலத்துக்கும் பொருத்தப்பட்ட அளவுமுறை இங்கே கைப்பேசியைவிட உதவும்: புகை மட்டும் சாய்ந்து, இலை அசையாமல் இருந்தால் மணிக்கு 1 முதல் 5 கிலோமீட்டர், முகத்தில் காற்று உணரப்பட்டு இலை சலசலத்தால் 6 முதல் 11, இலைகளும் மெல்லிய கிளைகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19, புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28.

என் அனுபவத்தில் மூன்றாவது நிலையே மானைப் பார்க்கச் சிறந்தது, ஏனென்றால் திசை உறுதியாக நிற்கிறது, நம் காலடி ஓசையையும் இலைகளின் ஓசை மறைத்துவிடுகிறது. நான்காவது நிலைக்கு மேல் போனால் மான்களே அமைதியிழந்து, ஒவ்வொரு அசைவுக்கும் தலைதூக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்ன இலை அசையாத பிற்பகலில் வாடை எந்தப் பக்கம் ஊர்கிறது என்று ஊகிக்கவே முடியாது. அப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பஞ்சை விட்டுப் பாருங்கள். அது மூன்று முறை தொடர்ந்து ஒரே பக்கம் போன பிறகு எழுந்து நடக்கலாம்.